இறுகிய சாமை

கோயில் மடைப்பள்ளியில் சாமை மூட்டையைக் கவிழ்க்கும் சரசரப்பு இன்றும் என் நெஞ்சை இறுக்குகிறது.

வெள்ளைக்காரர் காலம். மலைமேல் வளப்பூர் நாட்டில், தானியம் சேர்த்துவைக்கும் எங்கள் மண்குதிருக்குள் தங்கை வள்ளி தவறி விழுந்து, மார்புவரை புதுச் சாமையில் புதைந்தாள். அப்பா அவள் கைகளைப் பற்றி இழுத்தார். இழுக்க இழுக்க, நெகிழ்ந்து கிடந்த மணிகள் ஒன்றையொன்று நெருக்கிக் கல்லாய் இறுகின.

"மூச்சு முட்டுதுங்கப்பா!"

"இழுக்காதீங்க! அடிச்சுவத்த ஒடைங்க!" என்று அம்மா அலறினாள்.

"புதுச் சாமைய சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னால குதிர ஒடைச்சா குத்தமாயிருமே!" என்றார் அப்பா.

"புள்ளையக் குடுத்துட்டு என்னத்தைங்க படைக்கறது?"

அம்மாவே உலக்கையால் சுவரை இடித்தாள். சாமை சரிந்தோடியது, இறுக்கம் விட்டது, வள்ளி மீண்டாள்.

தெய்வக் குற்றமோ என்று அஞ்சி, அவள் இருமும்போதெல்லாம் அப்பா நடுங்கினார். நானோ, இறைவன் அன்று உலக்கையின் பக்கம் நின்றான் என்றே தொழுது வருகிறேன்.