ஆயுத பூஜையன்று ஓடிய இரண்டு பிராசசர்கள்

பணி ஓய்வுக்குப் பின், சில வெளிநாட்டு இளைஞர்கள் பொழுதுபோக்காக எழுதி இலவசமாகக் கொடுத்த ஓர் இயங்குதளத்தை நான் சோதித்து வந்தேன். அது இரண்டு பிராசசர்களில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் ஆரணியில் இரண்டு பிராசசர் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று, பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் சரோஜாம்மாவிடம் இருந்தது. ஆயுத பூஜையன்றுதான் அதற்கு ஓய்வு. போனபோது சந்தனப் பொட்டோடு இருந்தது.

“இன்னிக்கு மிஷினை வேலை வாங்கக் கூடாதுங்க சார்.”

“இது சி.டி.யிலேர்ந்தே ஓடும்மா. உங்க டிசைன் ஒண்ணும் அழியாது.”

“அத்த சொல்லலீங்க. நீங்க பண்றது வேலையா, விளையாட்டா?”

அறுபத்திரண்டு வயதில் பதில் சொல்லக் கூசியது. “விளையாட்டுதாம்மா.”

“மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ஓட்டுங்க!”

இரண்டு பிராசசர்களும் இயங்குவதாகத் திரையில் வந்தது. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

அதுவரை கேட்டவர்களிடமெல்லாம் ‘ஆராய்ச்சி’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று முதல் விளையாட்டு என்றே சொல்கிறேன்.