மட்டைப் பிள்ளையும் மாமியின் குரலும்

ஒருவரைப் பார்த்து நாம் சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரித்துவிட்டால், அது கேலியில்லை என்று ஆகிவிடுமா? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்த வாரம் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் அனிமேஷன் படிக்கிறேன். மகள் பிறந்த பிறகு, வங்கி வேலையை விட்டுவிட்டு எடுத்த முடிவு. சரியான முடிவுதானா என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது யோசிப்பேன். லண்டன் கிங்ஸ்பரியில் எங்களோடு இருக்கும் மாமி, அதாவது என் கணவரின் தாய், மகளைப் பார்த்துக்கொள்வதால்தான் நான் வகுப்புக்குப் போக முடிகிறது. வகுப்பில் இருந்தால் மகள் சாப்பிட்டாளோ என்ற எண்ணம். மகளோடு இருந்தால் வரைய வேண்டியது கிடக்கிறதே என்ற எண்ணம். இரண்டு இடத்திலும் முழுதாக இருந்த ஒரு நாள் ஞாபகத்தில் இல்லை.

ஆண்டு இறுதிக்கு ஒரு சின்ன நையாண்டிப் படம் செய்யச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் போதும். "தெரியாதவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஓர் இடத்தை எடுங்கள்" என்றார் விரிவுரையாளர். எனக்கு அப்படித் தெரிந்த இடம் பிறந்தநாள் விழா நடக்கும் ஹோல்தான். லண்டனில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் பிள்ளைகளின் முதலாம் பிறந்தநாளுக்குப் போயிருந்தால் உங்களுக்கும் தெரியும். கல்யாணத்துக்குப் போல மேடைச் சோடனை, நடுவில் சிம்மாசனம், அதில் ஒன்றும் விளங்காமல் விழிக்கும் பிள்ளை. குடும்பம் குடும்பமாக மேடையேறிப் படம் எடுத்து முடியும்வரை யாரும் சோற்றுப் பக்கம் போக முடியாது.

என் மகளின் பிறந்தநாளிலும் அதேதான். பாதியில் அவள் தூங்கிவிட்டாள். யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆனால் வரிசை நிற்கவில்லை. பிள்ளை இல்லாத சிம்மாசனத்துக்கு இரு பக்கமும் நானும் கணவரும் நின்று சிரித்துக்கொண்டே இருந்தோம். இதற்குக் கடதாசி மட்டையில் ஒரு பிள்ளையை வெட்டி வைத்தாலும் போதுமே என்று அப்போது தோன்றியது. அதுவே என் கதையானது. பிள்ளை தவழ்ந்து மேசைக்குக் கீழே போய்விடுகிறது. வீடியோக்காரர் அவசரத்துக்கு மட்டையில் வெட்டிய பிள்ளையொன்றைச் சிம்மாசனத்தில் வைக்கிறார். எல்லோரும் அதன் கன்னத்தைக் கொஞ்சி, வாயில் கேக்கைத் தீத்தி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

காட்சிகளை மஞ்சள் கடதாசிகளில் கீறிச் சமையலறைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தேன். ஒரு நாள் வகுப்பால் வந்து பார்த்தால் வரிசை மாறியிருந்தது.

"நான்தான் மாத்தினனான்," என்றார் மாமி. "தாய்மாமனுக்கு முதல் அத்தை ஆக்களை மேடையில ஏத்தியிருக்கிறீர். உப்பிடிச் செய்தால் சபையில சண்டை வரும், பிள்ளை."

அவர் சொன்னது சரி. மாற்றியபடியே விட்டுவிட்டேன். படத்தின் முடிவு இருந்த கடைசிக் கடதாசிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குரலுக்கும் மாமியைத்தான் கேட்டேன். எங்கள் பக்கத்து விழாக்களில் ஆட்களை மேடைக்குக் கூப்பிடுவது எப்போதும் அவர்தான். யார் யாருக்கு என்ன முறை என்பது அவருக்கு மனப்பாடம். எதிரொலி இல்லாமல் பதிவு செய்ய வீட்டில் ஒரே இடம் அவருடைய சீலை அலுமாரி. சீலைகளை இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு முக்காலி போட்டேன்.

"இதுக்குள்ளயோ?"

"ஓம் மாமி. சீலையள் சத்தத்தைக் குடிச்சிடும்."

"என்ர கூறைச் சீலையில வேர்வை பட்டால் நீர்தான் பொறுப்பு."

வெளியில் இருந்து கணவர் கேட்டார், "என்னப்பா, ரெண்டு பேரும் அலுமாரிக்குள்ள? சண்டையோ, சமாதானமோ?"

"நீ வாயை மூடு, ரெக்கோர்டிங் நடக்குது," என்றார் மாமி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "தாய்மாமன் வீட்டு ஆக்கள் வாங்கோ! பெரியாக்கள் பின்னுக்கு, குட்டியள் கீழ இருங்கோ! விம்பிள்டன் ஆக்களைக் கெதியா விடுங்கோ, அவைக்குக் கனதூரம் போகவேணும்! தம்பி, அந்த ரோல்ஸைத் தின்னாமல் வைச்சிட்டு வாரும், படத்தில வாய் வீங்கித் தெரியும்!"

நான் எழுதிக் கொடுத்ததில் பாதியைக்கூட அவர் வாசிக்கவில்லை. அவராகச் சொன்னவைதான் படத்தில் நின்றன.

பிறகு மாதக்கணக்கில் வரைந்தேன். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். ஒருவர் கையைத் தூக்கி இறக்குவதற்குள் எனக்கு ஒரு பகல் போய்விடும். வகுப்பில் போட்டுக் காட்டியபோது தமிழ் தெரியாதவர்களும் மாமியின் குரலுக்குச் சிரித்தார்கள். முடிவு வந்ததும் ஒரு சத்தமும் இல்லை. ஹோல் காலியாகிறது. கடைசி ஆள் மட்டைப் பிள்ளையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு காருக்குப் போகிறார். மேசைக்குக் கீழே உண்மைப் பிள்ளை. வெளிச்சம் அணைகிறது. "இந்த முடிவைத் தொடவே தொடாதீர்கள்" என்றார் விரிவுரையாளர்.

வீட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு டிவியில் போட்டேன். மாமி மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "ஐயோ, இது நான்தானே! என்ர கையை ஆட்டுற ஆட்டத்தை அப்பிடியே கீறியிருக்கிறா," என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரோல்ஸ் கட்டத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். அவர் கோபிப்பாரோ என்று பயந்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

திரை இருண்டது.

"முடிஞ்சுதோ?"

"ஓம் மாமி."

"அப்ப பிள்ளை?"

"அதுதான் முடிவு. ஒருத்தரும் கவனிக்கேல்லை."

மாமி மடியில் இருந்த மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். "சோடனையைப் பார்த்துச் சிரியும். ரோல்ஸைப் பார்த்துச் சிரியும். என்ர வாயைப் பார்த்தும் சிரியும், பரவாயில்லை. ஆனா பிள்ளையை விட்டிட்டு லைற்றை நூத்துப்போட்டுப் போற ஆக்களோ நாங்கள்?"

"அம்மா, இது கார்ட்டூன்," என்றார் கணவர்.

"கார்ட்டூனில கதைக்கிறது என்ர குரல்." பிறகு என்னைப் பார்த்தார். "இவளின்ர பிறந்தநாளண்டு, இவளைத் தோளில போட்டுக்கொண்டு கோட்டுகள் கொழுவி வைக்கிற அறைக்குள்ள ஆர் இருந்தது? பட அல்பத்தை எடுத்துப் பாரும், கடைசிப் பாதியில நான் ஒரு படத்திலயும் இல்லை."

நான் அல்பத்தை எடுக்கவில்லை. எடுக்க வேண்டியிருக்கவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்றே அந்த நாளை நான் மனதில் வைத்திருந்தேன், அந்த யாரோ யார் என்று கேட்கவில்லை. மேடையில் நின்று சிரித்தவள் நான். பிள்ளையோடு இருந்தவர் அவர். ஆனாலும் வரிசை நிற்கவில்லை என்பதும் உண்மைதானே? அதையும் நான் கண்ணால் கண்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமி தானாகவே அலுமாரியைத் திறந்து, முக்காலியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். "இஞ்ச வாரும். நான் தேடுறன், நீர் என்ர குரலைப் பிடியும்."

"எதைத் தேடப்போறியள் மாமி?"

"பிள்ளையை."

முதலில் மேடையில் கூப்பிடும் அதே பெரிய குரல். "ஆராவது பிள்ளையைக் கண்டனீங்களோ? படத்தை நிப்பாட்டுங்கோ தம்பி!" பிறகு குரல் இறங்கியது. "குஞ்சு... எங்கயம்மா நிக்கிறாய்? அப்பம்மா வாறன்." அதைக் கேட்டு என் மகள் ஓடிவந்து அலுமாரிக் கதவைத் தட்டினாள். அதுவும் பதிவில் இருக்கிறது.

அந்தக் குரலுக்கு இன்னொரு முடிவு வரைந்தேன். வரிசை குலைகிறது, ஒரு பெண் மேசை விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறாள். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் குத்தல் போய்விட்டது" என்றார். நையாண்டிக்குத்தான் மதிப்பெண், ஆறுதலுக்கு இல்லை என்பதை மரியாதையாகச் சொன்னார். கணவரிடம் கேட்டால், "மார்க்ஸ் வேணுமெண்டால் முதலாவது, வீட்டில சோறு வேணுமெண்டால் ரெண்டாவது," என்கிறார்.

மாமியிடமும் கேட்டேன். "உம்மட படம். உமக்குச் சரியெண்டு படுறதைக் குடும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்." மருமகளாக இருந்தவர்களுக்கு அந்தக் கடைசி வசனத்தின் பாரம் தெரியும். அதைவிடப் பாரம், வகுப்பில் எல்லோருடைய படங்களையும் திரையிடும் நாளுக்கு எந்தச் சீலை உடுப்பது என்று அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். எந்த முடிவைப் போட்டாலும் முன் வரிசையில் இருந்து பார்க்கத்தான் போகிறார்.

முதல் முடிவைக் கொடுத்தால், என் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவரின் குரலாலேயே அவர் செய்யாத ஒன்றைச் சொல்லவைக்கிறேன். இரண்டாவதைக் கொடுத்தால், நான் கண்டதை மறைத்து எங்களுக்கு நாங்களே தட்டிக்கொடுக்கிறேன். வேறு யாருடைய குரலையாவது போடலாமா என்றும் யோசித்தேன். அதைக் கேட்டால் மாமி இன்னும் நொந்துபோவார்.

வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். இதை வாசிப்பவர்களில், சொந்த வீட்டு ஆட்களை வைத்து ஒன்றை எழுதியவர்களோ வரைந்தவர்களோ மேடையேற்றியவர்களோ இருப்பீர்கள். உங்களுக்கும் இப்படி வந்திருந்தால் எதைக் கொடுத்தீர்கள், பிறகு வீட்டில் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மாமியாராக இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள். ஒன்றும் நினைக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னால், அதை நாங்கள் எந்த அளவுக்கு நம்பலாம்?