நிறுத்து என்று சொன்னவர்

"நாடகம் ஆடாதே" என்று பிள்ளைகளைத் திட்டியே பழகிய வாய் என்னுடையது. வணிகவியல் டீச்சரான என் தலையில் போய் நாடகப் பொறுப்பைக் கட்டினார் தலைமையாசிரியை. பயிற்சி கொடுக்க வந்தவர்கள் ஒரே ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேடையில் நடப்பது அநியாயம் என்று தோன்றினால் பார்ப்பவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவர் மேடையேறி, அநியாயத்துக்கு ஆளானவரின் இடத்தில் நின்று மீதியை நடிக்க வேண்டும்.

பிளஸ் டூ பெண்கள் எடுத்துக்கொண்ட கதை, மகளின் படிப்பை நிறுத்தும் அப்பா. அந்த அப்பா வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் வீராம்பட்டினத்துப் பெண். அவளுக்குக் காலாப்பட்டுக் கல்லூரியில் படிக்க ஆசை. அவள் அப்பா பிளஸ் டூ போதும் என்றுவிட்டார். நான் பேசிப் பார்த்தும் மசியவில்லை. அதனால் வசனத்துக்கு அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை; வீட்டில் அப்பா சொன்னதே போதுமாக இருந்தது.

பெற்றோர் கூட்டத்தன்று லுங்கியும் மை மீசையுமாக மேடையேறினாள்.

"ரெண்டு பஸ் மாறி காலாப்பட்டு போவணுமா? வழியில எதனா ஒண்ணுன்னா எவன் பதில் சொல்றது? படிச்ச வரைக்கும் போதும்!"

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து, "நிறுத்து!" என்று கத்தினார்.

அவளுடைய அப்பா. குடும்ப விஷயம் சந்தி சிரிக்கிறதே என்று கோபத்தில் கத்தியது அது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததோ விதி ஒன்றுதான். கைதட்டி அவரை மேடைக்கு இழுத்துப்போய், மகளாக நடித்தவளின் துப்பட்டாவைத் தோளில் போட்டுவிட்டார்கள். நான் தடுத்திருக்கலாம். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது, தடுக்கவில்லை.

இத்தனை பேர் முன்னால் இறங்கிப் போகவும் அவருக்குக் கூச்சம். மகள் மீசையோடு எதிரில் வந்து நின்றாள்.

"கேக்கறேன்ல? எதனா ஒண்ணுன்னா எவன் பதில் சொல்றது?"

அவர் துப்பட்டா நுனியைத் திருகினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பயமா இருந்தா நீ வந்து பஸ் ஏத்தி வுடு. அதுக்காவ என்ன ஊட்லயே உக்கார வச்சிடுவியா?"

அவள் அடுத்துச் சொல்ல வேண்டிய வசனம் "முடியாது". அதைச் சொல்லாமல், சொந்தக் குரலில் கேட்டாள்.

"தெனம் வருவியாப்பா?"

"வர்றேன்."

மை மீசை கண்ணீரில் கரைந்து வழிந்தது. அங்கே நாடகத்தை நிறுத்த வேண்டியவள் நான். நிறுத்து என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை.