திரையை அணைத்த வரி

பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத வந்ததைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் இதை எழுதப் போவதில்லை.

யுத்தம் முடியப்போகிற காலம். மாத்தளை டவுனில் ஒரு கடையின் பின்னறையில் பஸ் கண்டக்டர்களுக்கான டிக்கெட் மெஷின் செய்துகொண்டிருந்தோம். அதற்குள் ஒரு பவர் சிப். பேட்டரியிலிருந்து வாங்கி, திரைக்கு இவ்வளவு வோல்ட்டேஜ், மற்றதற்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். மெஷினை உள்ளிருந்து நடத்தும் லினக்ஸ் கேர்னல் அந்தச் சிப்பை ஆள்வதற்கு 'டிரைவர்' என்று ஒரு புரோகிராம் வேண்டும்; அதை நான் எழுதினேன். திரைக்கான டிரைவர் முதலாளியின் மைத்துனனுடையது. என்னைவிட இளையவன்.

ஒருநாள் கண்டியிலிருந்து போர்டு, பேட்டரி, வயர்களோடு அவனும் நானும் பஸ்ஸில் வந்தோம்.

"பேக்க நீங்க வச்சுக்கங்க அக்கா. பொம்பளைங்கள பெரிசா செக் பண்ண மாட்டாங்க" என்றான்.

ஆமி செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். வயரைக் கண்டதும் குண்டு என்று பெண் சிப்பாய் கத்தினாள். ஆண்கள் வரிசையில் நின்ற அவனைக் காட்டி, ஒரே கடையில்தான் வேலை செய்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் என்னை நேராகப் பார்த்து, "தன்னே நே" என்றான். என்னைத் தெரியாதாம். பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. முதலாளி வந்து மீட்கும்வரை வெயிலில், தரையில் உட்கார்ந்திருந்தேன்.

கடையில் அதை அவன் நடித்தும் காட்டினான். "அக்கா மூஞ்சிய பாத்திருக்கணும்! பேட்டரிக்கு முந்தி அவங்க வெடிச்சிருப்பாங்க!"

முதலாளியும் சிரித்தார். அன்றிலிருந்து அவனை நாலு பேர் முன்னால் அப்படி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே என் ஆசை.

கேர்னலுக்கு ஒரு பழக்கம். மெஷின் எழுந்து முடிந்ததும், எந்த டிரைவரும் கேட்டு வாங்காத மின்வழிகளை வீண் என்று அணைத்துவிடும். அவன் எழுதிய டிரைவர் திரைக்கு மின்சாரம் கேட்பதே இல்லை. அதனால் 'இந்த வழியை ஒருபோதும் அணைக்காதே' என்று என் டிரைவரில் ஒரு வரி போட்டிருந்தேன்.

பஸ் சொந்தக்காரர்களுக்கு மெஷினைக் காட்டும் நாள் காலை, அவன் அந்த வரியைக் கண்டான்.

"இது என்னத்துக்கு? சும்மா பேட்டரிய குடிக்குது. எடுத்துர்றேன்."

"தம்பி, அத எடுத்தா திரை..."

"பயப்படாதீங்க அக்கா, ஆமிக்காரன் வரமாட்டான்."

மீதியை விழுங்கிக்கொண்டேன். "உங்க இஷ்டம்" என்றேன்.

வரியை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டான். திரையில் எங்கள் கடையின் பெயர்ப் படம் வந்ததுமே திருப்தியாகி நிறுத்தினான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பஸ்காரர்கள் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். படம் வந்தது. "இது முழுக்க நம்ம கையால செஞ்சது" என்று அவன் தொடங்கும்போது திரை இருண்டது. மறுபடி போட்டான். மறுபடியும் இருட்டு.

"என்னா தம்பி, டோர்ச் அடிச்சா டிக்கெட் குடுக்கிறது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கழுத்து வேர்த்து வழிந்தது. என் பக்கம் திரும்பினான். நான் அவன் முகத்தைப் பார்த்தபடியே நின்றேன். அவர்கள் எழுந்து போகும்வரை பார்த்தேன்.

பழி தீர்த்தால் மனசு வெறுமையாகும் என்பார்கள். எனக்கு அன்று பகல் சோறு ருசியாக இறங்கியது.

மறுநாள் அந்த வரியைத் திரும்ப எழுதினேன். திரை அணையாமல் எரிந்தது. அவனும் வேலைக்கு வந்திருந்தான்.