சின்யோரா வீட்டுக் கோப்பி

றோசமலர் மன்னாரிலிருந்து பலேர்மோவுக்கு வந்து ஏழு வருடம். அதில் நாலு வருடம் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வேலை. வீட்டுக்காரி ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை; றோசமலர் அவளைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவாள். றோசமலர் இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோவும், அந்த வேலையில்தான் தொங்கியது.

1993இல் சின்யோராவின் தாய் இறந்தாள். பிரேதத்தோடு விடிய விடிய இருந்தவர்களுக்கு றோசமலர் தன் ஊர் வழக்கப்படி கோப்பி ஊற்றினாள். மல்லியும், காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பும் இடித்துப் போட்டது. செத்தவீட்டில் கண் சொருகாமலிருக்க அதைத்தான் கொடுப்பார்கள். சின்யோரா ஒரு வாய் குடித்தாள். மிச்சத்தை எல்லோரும் பார்க்கத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். மாட்டு மருந்து என்றாள். ஆட்கள் முன்னால் இனி இதை வைக்காதே என்றாள். பிரேதம் கிடக்கும் வீட்டில் சொந்தக்காரர் சிரித்தார்கள். றோசமலர் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்பவள். இந்தக் கோபத்தை மட்டும் குருவானவரிடம் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, கோப்பி பிறந்த கதையைத் தன் வீட்டில் பேசப்போவதாகச் சின்யோரா அறிவித்தாள். படித்த பெண்கள் இருபது பேர் வருவார்கள். அவர்களின் சங்கத்துக்குத் தலைவி ஆவது அவளுடைய ஆசை. முடிவில் ஆதிகாலக் கோப்பியைப் பரிமாறவேண்டும். புத்தகத்தைப் பார்த்துச் செய்முறை சொன்னாள்: இஞ்சியோடு இடித்து, பானையில் கொதிக்கவிடு. றோசமலர் அவள் முகத்தைப் பார்த்தாள். கவிழ்த்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருக்கலாம்.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் அருள்நாயகிக்கு இது பெரிய பகிடியாக இருந்தது.

“உப்பை அள்ளிப் போடன் அக்கா.”

“உப்புப் போட்டால் பிழை என்ரை. பிழை அவவின்ரையாய் இருக்கவேணும்.”

ஞாயிறு பின்னேரம், மணம் முந்தி வரக்கூடாதென்று குசினிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சின்யோரா பேசினாள். நன்றாகவே பேசினாள். யேமனில் சூஃபிகள் இராத்தொழுகையில் தூங்காமலிருக்கக் குடித்தது, மக்காவில் ஓர் அதிகாரி தடை செய்தது, பிறகு அது கப்பலேறி வெனிஸுக்கு வந்தது. பேசி முடித்துக் கதவைக் காட்டினாள்.

றோசமலர் தட்டோடு வந்தாள். இருபது கோப்பையிலும் அந்த வீட்டில் தினம் குடிக்கும் கோப்பி. காலையிலும் இதைத்தான் குடித்தேன் என்றாள் ஒருத்தி. சின்யோரா எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டாள். றோசமலருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

“நீங்கள்தானே சின்யோரா சொன்னனீங்கள். அம்மாவின்ரை செத்தவீட்டிலை நான் வைச்ச இஞ்சிக் கோப்பியை மாட்டு மருந்தெண்டு ஊத்திப்போட்டு, ஆக்களுக்கு முன்னாலை இனி வைக்காதை எண்டு. நான் சொல்லுக் கேக்கிறனான்.”

ஒரு கிழமையாகப் பாடமாக்கிய இத்தாலியன். ஒரு சொல் பிசகவில்லை. முன்வரிசைக் கிழவி கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தக் கோப்பியைக் குடிக்க எங்கே வரவேண்டும் என்று றோசமலரைத்தான் கேட்டாள்.

அன்றைக்கே வேலை போனது. இரண்டு மாதத்தில் பெர்மெஸ்ஸோவும் முடிந்தது. சங்கத்துக்கு வேறொருத்தி தலைவியான செய்தியை அருள்நாயகி பஸ் பிடித்து வந்து சொன்னபோது, றோசமலர் நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் பழம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு நொந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இன்னொருக்கால் சொல்லச் சொன்னாள்.