மகளின் அழைப்பு மட்டும்

நிலக்கோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் விரல்களில் மல்லிகைக் காம்பின் பச்சைக் கறை. போனைத் தொடும்போதெல்லாம் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொள்வார். மகளைத் திண்டுக்கல்லில் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு, தோட்டத்தில் பூ எடுக்க ஆளில்லாததால் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“பூக்கடைக்காரவுக விடாமக் கூப்பிடுறாக ஐயா. எம் மக போன் மட்டும் அடிக்கிற மாதிரி வச்சுக் குடுங்களேன். வலி வந்ததும் கூப்பிடுறேன்னா.”

அதைச் செய்ய எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. செட்டிங்ஸில் எதையெதையோ அழுத்திக் கொடுத்தேன்.

“வாத்தியாருங்களா?”

“காலேஜ்ல இருந்தேம்மா.”

“அப்பச் சரியாத்தேன் இருக்கும்.”

பிறகு போன் அடிக்கவே இல்லை. “பாத்தீகளா, எம்புட்டு நிம்மதி!” என்று சிரித்தார். மகள் கூப்பிட்டால் கேட்க வேண்டுமென்று, போனைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மாலையில் வீட்டில் என் போனிலும் அப்படியே செய்துவிட்டு, மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிடச் சொன்னேன். அவள் எண்ணுக்கு மட்டும் சத்தம் வர வேண்டும். மேசைமேல் திரை ஒளிர்ந்தது. சத்தம் வரவில்லை.

“ரிங் போகுதே, எடுக்க மாட்டீகளா?” என்றாள் உள்ளேயிருந்து.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. திரை அணையும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.