பின்வரிசையிலிருந்து வந்த சிரிப்பு

போனை வைத்த சின்னவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைப் பலகையில் ஓங்கிப் போட்டாள்.

"யாருடி?" என்றாள் பெரியவள்.

"டிவிக்காரன். அந்த இந்திப் பாட்டுக்கு ஐம்பது வருஷம் ஆகுதாம். கோரஸ் வரிசையில வந்து உட்காரணுமாம். கதாநாயகி அம்மா மேடையில அந்தச் சிரிப்பைச் சிரிச்சுக் காட்டுவாங்களாம். அன்னிக்கு மைக் முன்னாடி சிரிச்ச மாதிரியே!"

"அவங்க எப்ப மைக் பக்கம் வந்தாங்க?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்கம்மா'ங்கிறான்."

பெரியவளுக்கு யாரும் கதை சொல்லத் தேவையில்லை. பாட்டுப் பதிவான அன்று தங்கைக்குத் துணையாகப் போய், காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை ஒலிப்பதிவு அறையின் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

சின்னவள் இருபத்திரண்டு வருஷம் கோரஸ் பாடினாள். ஐந்து மொழிகளில் பாடினாள். ஒரு மொழிதான் புரியும். இந்தி வரிகளைத் தமிழில் எழுதி, எந்த 'க' என்று குழம்பாமலிருக்க மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டுக்கொள்வாள். பாட்டு முழுக்க உச்சரிப்பு பிசகாது.

அந்தக் காதல் பாட்டில் சரணத்துக்கு முன்னால் இரண்டு தாள இடைவெளி. அதில் கதாநாயகிக்காகப் பாடகி சிரிக்க வேண்டும். அப்போதெல்லாம் நாற்பது வாத்தியமும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. பாடகி அருமையாகப் பாடினார். சிரித்தால் மட்டும் தொண்டையைச் செருமுவது போலிருந்தது. ஆறு முறை பாட்டு பாழானது. இசையமைப்பாளர் பின்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏய், கடைசிப் பொண்ணு! பாடுறதுக்கு அர்த்தந்தான் தெரியாது. சிரிக்கவாவது தெரியுமா?"

செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் ஆறடி நடந்து, மைக்கில் சிரித்து, அதே வேகத்தில் பின்வாங்க வேண்டும். முதல் தடவை வெட்கம் தடுத்தது. இரண்டாம் தடவை குரல் உடைந்தது. மூன்றாவதற்கு முன்னால் அவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "உன்னையெல்லாம் எவன் காதலிக்கப் போறான்? உனக்கெங்கே அந்தச் சிரிப்பு வரும்!"

நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். சின்னவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. இடைவெளி வந்ததும் அந்த ஆள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தாள். 'போடா, நீயும் உன் பாட்டும்' என்ற சிரிப்பு. பதிவானது அதுதான். அதைக் கேட்டுத்தான் ஊர் உலகமே காதலித்தது. அவள் பெயரை மட்டும் எவரும் கேட்கவில்லை.

"போகாதேடி. மானம் போகும்" என்றாள் பெரியவள்.

"போறேன். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும், அவங்கதான் சிரிச்சாங்கன்னு."

ஒத்திகையில் கதாநாயகி அம்மா சிரித்தார். நல்ல சிரிப்புதான், ஆனால் அது இல்லை. பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி ஒட்டலாமென்றால் சிரிப்போடு வயலின்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. போதாக்குறைக்குப் பாடகி இப்போது இரண்டு கட்டை இறக்கித்தான் பாடுகிறார்; பழைய சுருதி பொருந்தவில்லை. நிகழ்ச்சித் தயாரிப்பாளன் சின்னவளை வயர்கள் குவிந்திருந்த ஓரத்துக்கு அழைத்துப் போனான்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. திரைக்குப் பின்னாடி நின்னு நீங்க சிரிச்சிடுங்க. அவங்க வாயசைச்சுக்குவாங்க."

"அப்போ சிரிச்சது நான்தான்னு உனக்குத் தெரியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பழைய வயலின்காரர் சொன்னார். ஆனா அவங்கதான் சிரிக்கப் போறாங்கன்னு விளம்பரமெல்லாம் போயிடுச்சும்மா."

"மேடையில வந்து நிக்கிறேன். 'அன்னிக்குச் சிரிச்சது இவங்கதான்'னு ஒரே ஒரு தடவை சொல்லு. நீ கேட்கிற மட்டும் சிரிக்கிறேன்."

"அந்த அம்மா கோவிச்சுக்குவாங்களே."

"அவங்க கோபத்துக்கு மேடை, என் கோபத்துக்குத் திரைச்சீலையா? நல்லா இருக்குடா உன் நியாயம்!"

அவன் அம்மா அம்மா என்று வாசல் வரை பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. கதாநாயகி அம்மா வாயைக் கையால் பொத்திக் கண்ணை மட்டும் சிமிட்டினார். சத்தமே இல்லை. தபலாக்காரர் எதையோ தட்டி ஒப்பேற்றினார். அடுத்த வரி கால் தடுக்கினாற்போல் தொடங்கியது.

"பாவம்டி அந்த அம்மா, முழிக்கிறதைப் பாரு."

"முழிக்கட்டும்."

"உன் பேரும்தான் வரலை."

"வரலை" என்றாள் சின்னவள். மூச்சு இன்னும் சூடாகத்தான் வந்தது. "ஆனா என் சிரிப்பும் வரலை இல்ல?"

டிவியில் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.